குறுக்குக் கம்பத்துக்கு மேலே

நூலா வாயைத் திறக்காமல் நின்றால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டென்று கில்தாரன் ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அயர்லாந்தின் மேற்கே ஒரு சின்ன ஊர் அது. பகலில் அந்தம்மாவுக்கு ஸ்கூல் பஸ் ஓட்டுகிற வேலை. சாயங்காலமானால் பெண் பிள்ளைகளுக்குக் கமோகி சொல்லிக்கொடுப்பார். முப்பது வருஷமாக இதே பொழப்பு.

கமோகி என்றால் என்னவென்று கேட்பீர்கள். ஐரிஷ் பெண்கள் காலங்காலமாக ஆடுகிற ஆட்டம். கையில் மரமட்டை, சின்னதாக ஒரு தோல் பந்து, பக்கத்துக்குப் பதினைந்து பேர். நம்ம ஹாக்கிக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் கொஞ்சம் முரட்டுச் சொந்தம். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் அடித்தால் மூன்று புள்ளி. மேலே, இரண்டு நெட்டைக் கம்பங்களுக்கு நடுவே பறக்கவிட்டால் ஒரு புள்ளி. ஹாக்கியில் மேலே போன பந்துக்கு ஒன்றும் கிடையாது, கோல்கீப்பர் பெருமூச்சு விடலாம். இந்த வித்தியாசத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபமலர் கோவில்பட்டிக்காரி. அந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் ஹாக்கி தெரியும். பள்ளிக்கூடம், காலேஜ், ஜில்லா டீம் என்று பதினான்கு வருஷம் ஆடியவள். பிறகு நர்ஸாகி, கல்யாணமாகி, கில்தாரன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். வார்டில் எனக்குக் கூட்டாளி. இதையெல்லாம் கேன்டீனில் டீ ஆறிப்போகும்வரை என்னிடம் சொன்னதும் அவள்தான்.

மகள் ஜெனிஷாவை முதன்முதலில் மைதானத்துக்குக் கூட்டிப்போனபோது மலர் ஒரு தப்புச் செய்தாள். நம்மவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. வளர்கிற பிள்ளைதானே என்று இரண்டு சைஸ் பெரிய மட்டையாக வாங்கிக்கொடுத்துவிட்டாள்.

நூலா மட்டையை வாங்கிப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் கைப்பிடியில் இரண்டு அங்குலத்தை அறுத்துத் தள்ளினார்.

"ஐயையோ, புது மட்டைங்க!" என்றாள் மலர்.

"இன்னைக்கு ஆடப்போறவளுக்கு இதுதான் அளவு."

"அவ வளர்ந்தா?"

"வளர்ந்தா வேற மட்டை."

ஊரில் ஒரு வாரம் இதே பேச்சு. ஆளுக்கு ஓர் அர்த்தம் சொன்னார்கள். மலர் அன்றே மனசுக்குள் சிஷ்யையாகிவிட்டாள். மூன்று வருஷம் மட்டை சுமந்தாள், தண்ணீர் பாட்டில் நிரப்பினாள், பிள்ளைகளின் முழங்காலுக்கு மருந்து போட்டாள். அந்த ஊரில் எல்லோரும் நூலாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மாஸ்டர் என்று கூப்பிட்டே பழகிய வாய், மலருக்கு அது வரவில்லை. "கோச்" என்பாள். பேசியது இங்கிலீஷ்தான். என்னிடம் தமிழில் சொல்லும்போது 'நீங்க' தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷம் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் டீம் மாவட்ட சாம்பியன்ஷிப் பைனலுக்குப் போனது. பத்தொன்பது வருஷமாகக் கோப்பையைத் தொடாத ஊர். கோல்கீப்பர் நம்ம ஜெனிஷா. இந்த வருஷத்தோடு விலகிக்கொள்வதாக நூலா கிளப் கமிட்டியிடம் சொல்லிவிட்டார். அடுத்து யார் என்பதை அவரே கைகாட்ட வேண்டும். மலருக்கு அந்த இடம் வேண்டும். ஆசை தொண்டைவரை இருந்தது.

வியாழக்கிழமை பிராக்டீஸ் முடிந்ததும் கேட்டே விட்டாள்.

"கோச், ஒரு டீமை எடுத்து நடத்த நான் எப்போ தயாராவேன்?"

நூலா பஸ்ஸுக்குள் ஏறினார். மடித்த வெள்ளைக் கோட்டும் இரண்டு கொடியுமாக இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை இதைப் போட்டுக்கோ."

மலருக்கு முகம் சுருங்கிவிட்டது. அங்கே ஒவ்வொரு கோலுக்கும் இரண்டு பேர் நிற்பார்கள், ஊருக்கு ஒருவர். பந்து வலைக்குள் போனால் பச்சைக் கொடி, மேலே போனால் வெள்ளைக் கொடி, வெளியே போனால் தலைக்குமேல் கையைக் குறுக்கே வீச வேண்டும். ரெஃப்ரி அதைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்வார். வேலைவெட்டி இல்லாத அப்பா எவராவது பிடித்து நிறுத்தப்படுகிற இடம் அது. மூன்று வருஷம் உழைத்தவளுக்கு இதுவா என்று அவளுக்கு எரிந்தது.

"அங்கே நின்னு நான் என்ன செய்யணும்?"

"பார்த்ததைச் சொல்லு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஞாயிறு நல்ல வெயில். அந்த ஊரில் அதுவே ஒரு திருவிழா. எதிரே பாலிகேரன் ஊர்ப் பிள்ளைகள், ஒவ்வொன்றும் ஆறடிக்கு வளர்ந்து நின்றது. மலரோடு அடுத்த கம்பத்தில் நின்றவர் பாலிகேரன்காரர், மார்ட்டின் என்று ஒரு பால்பண்ணைக்காரர். "உன் கம்பத்துப் பக்கம் வர்றது உன் பேச்சு, என் பக்கம் வர்றது என் பேச்சு" என்று கையைக் குலுக்கினார்.

நூலா ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. மட்டைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார். மட்டை உடைந்த பிள்ளைக்கு வேறு ஒன்றைத் தூக்கிப்போடுவார், அடுத்த பக்கம் போய்விடுவார்.

இரண்டாம் பாதியில் ஜெனிஷா, தன் அம்மா நின்ற கோலுக்கு வந்தாள். ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது கில்தாரனுக்குப் பத்துப் புள்ளி, பாலிகேரனுக்கு ஒன்பது. ஊரே எழுந்து நின்று கத்துகிறது. சிவப்பு ஹெல்மெட் போட்ட பாலிகேரன் பெண் ஒருத்தி நாற்பதடி தூரத்திலிருந்து வாங்கி அடித்தாள்.

பந்து நேராக ஜெனிஷாவின் தலைக்கு வந்தது. பிள்ளை எம்பினாள். மட்டைக்கு எட்டவில்லை. பந்து குறுக்குக் கம்பத்தை உரசுகிற மாதிரி மேலே போனது. மலரின் கம்பத்துக்கு ஒரு முழம் உள்ளே.

அப்பாடா, மேலே போயிடுச்சு!

அந்தப் பெருமூச்சோடு கையும் சேர்ந்து எழுந்துவிட்டது. கோவில்பட்டிப் பழக்கம். தலைக்குமேல் இரண்டு கையையும் குறுக்கே வீசினாள். வெளியே.

மார்ட்டின் திரும்பிப் பார்த்தார். சூரியன் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது, பந்து அவள் பக்கம். தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். சிவப்பு ஹெல்மெட் பெண் இரண்டு கையையும் விரித்து ஒரு நொடி நின்றாள். அதற்குள் ஜெனிஷா பந்தை எடுத்து அந்தக் கோடிக்கு அடித்துவிட்டாள்.

மலருக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே போனால் இங்கே புள்ளி. காலையிலிருந்து பத்துத் தடவை கொடி தூக்கியவளுக்கு, மகள் தலைக்குமேல் பந்து வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பந்து தூரக் கோடியில் உருண்டுகொண்டிருந்தது. ரெஃப்ரியும் அங்கேதான். கூப்பிட்டால் கேட்காது. யாரிடம் சொல்வது என்று திரும்பினாள். வலைக்குப் பின்னால் நூலா, மட்டைக் கட்டோடு.

கண்ணும் கண்ணும் சந்தித்தன. நூலா குனிந்து மட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்.

சரி, நீயே பார்த்துக்கோ என்கிறார் என்று மலர் எடுத்துக்கொண்டாள்.

விசில் அடித்தது. கில்தாரன் பிள்ளைகள் மட்டையை வானத்தில் வீசினார்கள். ஜெனிஷா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "அம்மா! அம்மா!" என்று கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். மலர் அந்தப் பிள்ளையைத் தாண்டி ரெஃப்ரியிடம் ஓடினாள். இதைச் சொல்லும்போது கேன்டீனில் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. நானும் அழுதேன், எனக்கென்ன.

ரெஃப்ரி சட்டைப்பையில் நோட்டை வைக்கப்போனவர் நின்றார்.

"அவங்க கடைசியா அடிச்ச பந்து கம்பத்துக்கு உள்ளேதான் போச்சு. நான் தப்பாக் காட்டிட்டேன்."

"நிச்சயமா?"

"என் கம்பம். நான் பார்த்தேன்."

ரெஃப்ரி அவளையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரு கோடு சேர்த்தார். பத்துக்குப் பத்து. கூடுதல் நேரம்.

கில்தாரன் பக்கமிருந்து ஓர் ஆள், "உன்னை யாராவது கேட்டாங்களா?" என்று கத்தினார். பிள்ளைகள் ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டினார்கள். காற்று போன டயர் மாதிரி ஆடினார்கள். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷத்தில் அதே சிவப்பு ஹெல்மெட், அதே தூரம். ஜெனிஷா எம்பினாள், எட்டவில்லை. மலர் வெள்ளைக் கொடியைத் தூக்கினாள். மகள் தலைக்குமேல், நேராக, எல்லோருக்கும் தெரியும்படி.

பத்துக்குப் பதினொன்று.

அங்கே ஒரு வழக்கம். ஜெயித்த கேப்டன் கோப்பையை வாங்கியதும் தோற்றவர்களுக்காக மூன்று தடவை வாழ்த்துச் சொல்லிக் கத்த வேண்டும். பாலிகேரன் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். கில்தாரன் பிள்ளைகள் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நூலா எதுவும் பேசவில்லை. மட்டைகளை எண்ணி பஸ்ஸில் ஏற்றினார்.

பேசாமலே பாடம் நடத்திவிட்டார் என்று ஊர் சொன்னது. அதற்குத்தான் மலரைக் கம்பத்தடியில் நிறுத்தினார், எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறார் என்றார்கள். நானும்தான் சொன்னேன், பெரிய இவளாட்டம்.

வீட்டில் ஜெனிஷா பேசவில்லை. முதல் நாள் சாப்பிடவுமில்லை. மலர் தோசை சுட்டு வைத்தால் அப்பாவிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பத்து நாள் இப்படியே போனது. பத்தாம் நாள் பிராக்டீஸுக்குக் காரில் போகும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த வருஷமும் நீதான் கொடி பிடிக்கப்போறியா?"

"தெரியலடி."

"வேண்டாம்மா. அதுக்கு நீ கோச் ஆயிடு. சேதாரம் கம்மி."

மலர் காரை ஓரமாக நிறுத்தி ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போனாள்.

மைதானத்தில் பிள்ளைகள் ஓட ஆரம்பித்திருந்தார்கள். நூலா பஸ் படியில் உட்கார்ந்திருந்தார். துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டை மலர் நீட்டினாள். நூலா வாங்கிப் பக்கத்தில் வைத்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"கமிட்டிக்கு உன் பேரைக் குடுத்துட்டேன்."

மலர் கையை நீட்டவில்லை.

"கோச், பத்தொன்பது வருஷம் கழிச்சு வந்த கோப்பையைத் தொலைச்சவ நான். எந்த ஆட்டம் ஆடுறோம்னே மறந்துபோனவ. என்கிட்ட எதுக்கு?"

நூலா விசிலை நீட்டியபடியே இருந்தார்.

"அன்னைக்கு நான் எங்கே நின்னேன்?"

"வலைக்குப் பின்னால. என்னைப் பார்த்தீங்க. நீயே முடிவு பண்ணிக்கோன்னு விட்டுட்டீங்க. எனக்குப் புரிஞ்சுது."

"உனக்கு ஒண்ணும் புரியலை. பந்து உள்ளே போனதை நானும் பார்த்தேன்."

மலர் அவர் முகத்தையே பார்த்தாள்.

"கொடி என் கையில இல்லையேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீ ஓடிப்போய்ச் சொல்லிட்டே. நான் இன்னும் அங்கேயேதான் நிக்கிறேன்."