இரண்டு போல்ட்

“அஞ்சு தடவை ஆட்டியாச்சு மேடம். ஒண்ணும் ஆகலை. இன்னும் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?”

கேட்டவர் தாசையா. சிஷ்யர். வயது அறுபத்தொன்று. குரு மரகதவல்லிக்கு நாற்பத்து நான்கு. சோதனை வேலை படிக்க வந்துவிட்ட பிறகு யார் மூத்தவர் என்று பார்த்து ஆவதென்ன?

இடம், நிலநடுக்கத்தை வேண்டியபோது வரவழைக்கும் கூடம். பட்டனை அழுத்தினால் இரும்பு மேடை நடுங்கும். மேடைமேல் அன்று நின்றது, ஓர் அணுமின் நிலையத்திலிருந்து வந்த மின்கட்டுப்பாட்டுப் பேனல். நிலம் நடுங்கி மின்சாரம் போனால், டீசல் ஜெனரேட்டரைக் கிளப்ப வேண்டியது அதுதான். ஜெனரேட்டர் ஓடாவிட்டால் உலையைக் குளிர்விக்கத் தண்ணீர் போகாது. அதற்குமேல் என்ன ஆகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அங்கே இதேபோல் எட்டுப் பேனல்கள். ஒன்றை மட்டும் கழற்றி, இருந்தது இருந்தபடி கொண்டுவந்திருந்தார்கள். ஓய்வு பெறும்வரை இருபத்திரண்டு வருடம் அந்த எட்டையும் பராமரித்தவர் தாசையாதான்.

மரகதவல்லி பேனலின் கதவைத் திறந்தார். உள்ளே விரலால் தடவிப் பார்த்தார்.

“நேத்து இங்க தூசி இருந்துச்சு.”

“நான்தான் துடைச்சேன் மேடம்.”

“துடைக்க மட்டும்தான் செஞ்சீங்களா?”

தாசையா சிரித்தார். பாவம், அவருக்கு அது தப்பாகவே படவில்லை.

“ரிலே சுவிட்ச் மாட்டுற பட்டையில ரெண்டு போல்ட்டு லூசா இருந்துச்சு. முறுக்கி விட்டேன். பழகின கை, சும்மா இருக்குமா?”

“பதம் பாக்க எடுத்த சோத்தை மட்டும் தனியா வேக வெச்சிருக்கீங்க சார்.”

சிரிப்பு நின்றது.

மரகதவல்லி ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

எத்தனை சுற்று முறுக்கினோம் என்பது தாசையாவுக்கு நினைவிருந்தது. இரண்டு போல்ட்டையும் அத்தனை சுற்று தளர்த்தினார்.

மேடை ஆடியது. எட்டாவது நொடியில் உள்ளே கடகடவென்று சத்தம். பேனல் தயார் என்று காட்டும் பச்சை விளக்கு அணைந்தது. மேடை நின்ற பிறகும் அது எரியவில்லை.

ஜெனரேட்டர் கிளம்பியிருக்காது.

தாசையா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மாசாமாசம் பாத்தாச்சுன்னு ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கேன் மேடம். கதவைத் திறப்பேன், மூடுவேன். ஒரு நாளும் கை வெச்சுப் பாக்கலை.”

“தெரியும்.”

“என் மவன் அங்கதான் வேலை பாக்கான். இப்பவும் ஷிப்ட்ல இருக்கான்.”

“அதுவும் தெரியும்.”

குருவின் கண்களும் கலங்கியிருந்தன. மேசையிலிருந்த தாசையாவின் போனை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

தாசையா மகனை அழைத்தார். மணி ஒருமுறைதான் அடித்தது.

“என்னப்பா, நம்ம பேனலு பாஸாயிருச்சா?”



“இல்லய்யா. உங்க பெரிய ஆபீசர்ட்ட சொல்லி, அனுமதி வாங்கி, மத்த ஏழையும் திறந்து பாரு. எது லூசா இருந்தாலும் முறுக்கிராத. முதல்ல இருக்கிறபடி எழுது.”



“யப்பா… அந்த ரிஜிஸ்டர்ல எல்லாம் உங்க கையெழுத்துல்லா இருக்கு?”

“அதையும் எழுதுய்யா.”