கொசுறாக வந்த கண்

குளக்கரைக் காட்டில் மாசாணம் என்ற பெருச்சாளி புல்லரிசி வியாபாரம் செய்தது. பன்னிரண்டு சுண்டெலிகள் அதனிடம் வேலை பார்த்தன. விடிந்ததும் புல்லரிசி பொறுக்கி வந்து அதன் வளையில் கொட்டும்.

மாசாணத்துக்குப் பாதி வால்தான். கூலிக்கு மண் தோண்டிய காலத்தில் ஒரு சாரைப்பாம்பு கவ்விக்கொண்டு போன மிச்சம். "பாம்பு வருதுன்னு சொல்ல அன்னைக்கு எனக்கு ஒரு நாதி இல்லை!" என்று இன்றும் பல்லைக் கடிக்கும்.

கரையில் நின்ற பனை உச்சியில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. மாதாமாதம் வெட்டுக்கிளிகளைச் சந்தாவாகக் கொடுத்தால், பாம்பு வரும்போது சீழ்க்கை அடித்து எச்சரிக்கும். ஆளுக்கொரு தனிச் சீழ்க்கை. கேட்டவுடன் மேட்டுக்கு ஓடிவிட வேண்டும். அவ்வளவுதான்.

மாசாணம் தனக்கு மட்டும் சந்தா கட்டி வந்தது. போன மழைக்கு அதன் வேலையாள் ஒன்றைப் பாம்பு விழுங்கிவிட்டது. இரண்டு நாள் மாசாணம் வளையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் பனையடிக்குப் போய் நின்றது.

"ஏ கரிச்சான்! மிச்சமிருக்கிற என் ஆளுங்க பன்னிரண்டு பேருக்கும் சந்தா போடு. அவங்க ஒண்ணும் தர வேண்டாம். எல்லாம் என் பொறுப்பு!"

"நல்ல மனசு அண்ணாச்சி! தலைக்கு இருபது வெட்டுக்கிளி."

"இருபதா? பகல் கொள்ளையால்லா இருக்கு! பத்து!"

"பதினெட்டு."

"பத்து! இல்லேன்னா ஆந்தைகிட்டப் போயிருவேன்!"

"ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரியாதே அண்ணாச்சி."

"அது என் கவலை!"

தலைக்குப் பன்னிரண்டில் பேரம் முடிந்தது. அத்தோடு வந்திருக்கலாம். ஆனால் கொசுறு வாங்காமல் மாசாணம் எந்த வியாபாரத்தையும் முடித்ததில்லை.

"சரி, கொசுறு என்ன தருவே?"

கரிச்சான் யோசித்தது. "யார் வேலை செய்றா, யார் சும்மா உட்கார்ந்திருக்கான்னு மேலேயிருந்து பார்த்துச் சொல்லட்டுமா?"

மாசாணத்துக்கு அது தேவையே இல்லை. ஆனால் சும்மா வருகிறதே!

"சொல்லு, சொல்லு!" என்றது.

எலிகளுக்குத் தலைகால் புரியவில்லை. "நமக்கும் சீழ்க்கையா? அதுவும் இலவசமாவா?" என்று துள்ளின. முதல் பத்து நாளில் பாம்பு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் எல்லோரும் மேட்டில். பாம்பு வெறும் வயிற்றோடு திரும்பியது. மாசாணம் பாதி வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

பதினோராம் நாள் கரிச்சான் சொன்னது: "அண்ணாச்சி, வீராயி தினமும் உச்சிப்பொழுதுல தாழம்புதருக்குள்ள போகுது."

மாசாணத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். "அடி அவ சீழ்க்கையை! வேலைக்கு வரட்டும்!"

வீராயி எலி மூச்சிரைக்க ஓடி வந்தது. "பாம்பு எங்கே அண்ணாச்சி?"

"பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. நான்தான் கூப்பிட்டேன்! புதருக்குள்ள உனக்கு என்ன சோலி?"

"குட்டிகளுக்குப் பால் கொடுக்கப் போனேன். இன்னும் கண்ணு திறக்கலை."

"கேட்டுட்டுப் போகணும்லா?"

"நான் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாசாணம் பெருமையாகப் பனை உச்சியைப் பார்த்தது. வீராயியும் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு புல்லரிசி பொறுக்கப் போனது.

அன்று முதல் மாசாணத்துக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. எவனாவது வால் சொறிந்தால் சீழ்க்கை. எவளாவது தண்ணீர் குடித்தால் சீழ்க்கை. "பாம்புக்கா இந்தச் சந்தா? நமக்குத்தான்!" என்று எலிகள் முணுமுணுத்தன. சீழ்க்கை கேட்டால் ஓடி வருவதை விட்டு ஒளிந்துகொள்ளப் பழகின.

ஒரு நாள் உச்சிப்பொழுதில் பாம்பு வந்தது. தாழம்புதரை நோக்கிப் போனது. கரிச்சான் வீராயியின் சீழ்க்கையை அடித்தது. ஒரு முறை. இரண்டு முறை. தொண்டை கிழிய மூன்றாம் முறை.

மேட்டுக்கு ஓடி வந்தது சடைச்சி எலி மட்டும்தான்.

"வீராயி எங்கே?" என்று மேட்டில் நின்ற மாசாணம் கத்தியது.

"பாம்பு வால் கண்ணுல பட்டுச்சு, நான் ஓடி வந்துட்டேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி, சீழ்க்கை கேட்டதுமே புதர் வாசல்ல நின்னு அவளைக் கூப்பிட்டேன். 'அண்ணாச்சிதான் வேலைக்குக் கூப்பிடுறாரு. குட்டிங்க வயிறு நிறையட்டும், பிறகு போய்த் திட்டு வாங்கிக்கிறேன்'னு சொன்னா."

மாசாணம் புதருக்குள் பாய்ந்தது. பாம்பு போய்விட்டிருந்தது. வீராயி இல்லை. வேரடியில் ஐந்து குட்டிகள் நெளிந்தன. ஒன்றின் வாயில் பால் இன்னும் காயவில்லை.

ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து தன் வளையில் கிடத்தியது. பிறகு பனையடிக்குப் போனது.

"கரிச்சான்... அந்தக் கொசுறை நீயே எடுத்துக்கோ."

"எடுத்துக்கிட்டேன் அண்ணாச்சி. ஆனா சீழ்க்கை கேட்டு இனி யார் ஓடி வருவா?"

மாசாணம் பாதி வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு வளைக்குத் திரும்பியது. அதன் பிறகு சீழ்க்கை கேட்கும்போதெல்லாம் எலிகள் மேட்டைப் பார்க்கவில்லை; முதலில் மாசாணத்தின் முகத்தைத்தான் பார்த்தன.

உதவி என்று கொடுப்பதற்குள் வேவு பார்க்கும் கண்ணை ஒளித்து வைத்தால், ஆபத்து வரும் நேரத்தில் அந்த உதவியை யாரும் நம்ப மாட்டார்கள்.