காட்டுக்கு வெளியே போட்ட இலை

முன்னொரு காலத்தில் கோட்டூர் நாட்டைக் கொற்றவேலன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் தோன்றியதைச் சாயங்காலத்துக்குள் நடத்திப் பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அந்தச் சீக்கில் பிறந்ததுதான் இந்தக் கதை. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஒருநாள் சபையில் கேட்டான்: “காட்டில் வழிதப்பிய மனுஷனுக்கு முதலில் வேண்டியது என்ன?”

சேனாதிபதி தித்தன் துள்ளி எழுந்தான். அமைச்சர் காரியைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும். “வாள், தண்ணீர், அவல், கம்பளி, சக்கிமுக்கிக் கல். இவ்வளவு போதும் மகாராஜா, நூறு நாள் இருப்பேன். அமைச்சர் வேறு ஏதாவது சாமர்த்தியம் வைத்திருப்பாரோ என்னவோ!”

“மூட்டையில் கட்ட முடியாத ஒன்று வேண்டும்,” என்றார் காரி. “காட்டில்தான் காட்ட முடியும்.”

“அப்படியா? விளிகாட்டில் காட்டட்டுமே!”

விளிகாடு கூப்பிடுகிற காடு. நமக்கு வேண்டியவர் குரலில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். போனவன் எவனும் திரும்பியதில்லை.

ராஜாவுக்குக் கண் மின்னிற்று. “நாமும் வருகிறோம்! மூன்று பேர், மூன்று நாள். காவல் கிடையாது. காரி, நீர் சொன்னது வெறும் பேச்சானால் உம் தலை போகும்.”

“ஆகட்டும் மகாராஜா.”

காட்டோரத்தில் ஏழெட்டு வீடு. ஒரு வாசலில் சடைச்சி என்பவள் தினை குத்திக்கொண்டிருந்தாள். காரி நின்றார். “அம்மா, என் பேர் காரி. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதுக்கு எங்கள் மூவருக்கும் இலை போட்டு வை.”

மூட்டையைச் சுமந்து நின்ற தித்தன் சிரித்தான். “பிணத்துக்கு இலையா, அமைச்சரே?”

“வாயைக் கழுவுய்யா,” என்றாள் அவள். “நீங்க போய்ட்டு வாங்க சாமி. போட்டு வைக்கிறேன்.”

உள்ளே போனார்கள். வெயில் இல்லை. பறவை இல்லை. இடுப்பளவு பனி. திரும்பிப் பார்த்தால் வந்த தடம் இல்லை.

“தித்தா... கண்ணு... வாடா.”

தித்தனின் தாய் செத்துப் பதினோரு வருஷம். அவன் முகம் குழந்தை முகமாயிற்று. “அம்மா கூப்பிடுகிறாள்.”

“போகாதே!” என்றார் காரி.

போய்விட்டான், மூட்டையோடு. பனி மூடிக்கொண்டது. காலடிச் சத்தம்கூட இல்லை.

காரி ராஜாவின் இடுப்பைத் தன் இடுப்போடு அங்கவஸ்திரத்தால் கட்டி, ஒரு மரத்தடியில் உட்காரவைத்தார். “எழுந்திருக்காதீர்கள். நடக்க நடக்கக் காடு பெரிதாகும்.” தலைப்பாகையைப் பனியில் விரித்துப் பிழிந்தார். ஆளுக்கு இரண்டு மடக்குத் தண்ணீர்.

இரண்டாம் நாள் ராஜாவின் அண்ணன் கூப்பிட்டான். சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தவன். ராஜா அழுதுகொண்டே இழுத்துப் பார்த்தான். முடிச்சு விடவில்லை.

“காரி, இவ்வளவு பாசமாகக் கூப்பிடுகிறானே, இதுவா பேய்?”

“அதனால்தான் பேய், மகாராஜா.”

மூன்றாம் நாள் உச்சிப்பொழுது சாய்ந்தது. வேறொரு குரல் கேட்டது.

“யோவ் காரி! எங்கேய்யா தொலைஞ்சே? சோறு ஆறிப்போச்சு! வர முடியாதவன் ஏன்யா இலை போடச் சொன்னே?”

ராஜா காரியின் கையைப் பிடித்துக்கொண்டான். “இதுவும் அதுதானா?”

காரி மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தார். “இல்லை மகாராஜா. பேய்க்குத் திட்டத் தெரியாது.” எழுந்து நின்று, “இங்கே இருக்கிறோம் அம்மா!” என்று கத்தினார்.

பனிக்குள்ளிருந்து சடைச்சி வந்தாள், கையில் அகப்பையோடு. பின்னால் ஊரே வந்தது. காட்டின் எல்லையில் நின்ற புளியமரத்திலிருந்து கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

“இலை போட்ட விருந்தாளி உட்காராம எங்க வீட்டுல ஒருத்தரும் கை நனைக்க மாட்டோம். பிள்ளைங்க பட்டினியாக் கிடக்குது. உங்களுக்கு விளையாட்டா இருக்கா?”

ராஜா காரியைப் பார்த்தான். “மூட்டையில் கட்ட முடியாதது என்றீரே...”

“இவள்தான், மகாராஜா. நாம் வராவிட்டால் சாப்பிடாத ஓர் ஆள்.”

திரும்பும் வழியில் தித்தன் இருந்தான். ஒரே மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, தரையில் கணுக்கால் ஆழம் பள்ளம். உதடு வெடித்திருந்தது. முதுகில் மூட்டை, போட்ட முடிச்சு போட்டபடி. “இதோ வந்துட்டேம்மா” என்று முனகிக்கொண்டிருந்தான். சடைச்சி காதைப் பிடித்துத் திருகினாள். “மூணாவது இலை உனக்குத்தான்டா. நட!” அப்போதுதான் கண்ணில் உயிர் வந்தது.

அரண்மனைக்குத் திரும்பியதும் ராஜா தலைமைச் சமையற்காரனைக் கூப்பிட்டான். “நாம் இல்லாத மூன்று நாளும் இங்கே எப்படி?”

“ஒரு குறையும் இல்லை மகாராஜா! எல்லோரும் வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிட்டார்கள்!”

ராஜா அவனை அனுப்பிவிட்டான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிக் காரியின் கழுத்தில் போட்டான். “தலை உம்மிடமே இருக்கட்டும். தித்தா, நீ ஒரு வருஷம் அந்த மூட்டையை அவிழ்க்காமல் சபைக்குச் சுமந்து வா.”

அதன்பின் மாதம் ஒருமுறை ராஜா சடைச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போவான். பாதிச் சாப்பாட்டில் காட்டுப்பக்கமிருந்து அண்ணன் குரல் வரும், பாசமாக. ராஜாவின் கை நின்றுவிடும்.

“இலையைப் பாத்துச் சாப்பிடு,” என்பாள் சடைச்சி.

அவ்வளவுதான். எழுந்து போங்கள், உங்கள் வீட்டிலும் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.