நாலு போனில் ஓடும் ரத்தம்

"அம்மா, இதைப் பிய்ச்சு ஆத்துல எறிஞ்சிரட்டுமா?"

காந்திமதி டீச்சர் இடது கையைத் திருப்பிக் காட்டினாள். மேல்கையில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு சென்சார் ஒட்டியிருந்தது.

மடத்தம்மா உற்றுப் பார்த்தாள். தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவள்தான் குரு. ஏழாம் வகுப்பில் காந்திமதியிடம் கணக்குப் படித்தவள். இன்றைக்கும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவாள். டீச்சர்தான் அவளை 'அம்மா' என்பாள்.

"அது என்ன பாவம் பண்ணிச்சு டீச்சர்?"

"என் ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சொல்லுது."

"நல்லதுதான?"

"எனக்கு மட்டும் சொன்னா நல்லதுதான். எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லுது. மெல்போர்ன்ல மகனுக்கு, மதுரையில நாத்தனாருக்கு, கொழுந்தனுக்கு. நாலு போன்ல என் ரத்தம் ஓடுது. ஒரு துண்டு மாம்பழம் உள்ள போனாப் போதும், நாலு பேரும் மாறி மாறிக் கூப்பிடுதாங்க."

முப்பத்து மூன்று வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்பவள் அவள். எதைச் சாப்பிட்டால் எத்தனை யூனிட் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேற்று செயலியை இறக்கியவர்கள் அவளுக்கே வகுப்பு எடுத்தால் ஆத்திரம் வராதா?

டீச்சரின் குரல் இறங்கியது.

"போன மாசம் கொஞ்சம் ஏறிச்சு. பொறுத்தாத் தானா இறங்கியிருக்கும். இவங்க வாயை அடைக்கணும்னு கூட நாலு யூனிட் போட்டேன். சர்க்கரை ஒரேயடியா இறங்கி, எட்டாம் வகுப்புல, பிள்ளைங்க முன்னாடி, கண்ணு இருட்டிச் சரிஞ்சு உக்காந்துட்டேன்."

"யாரு காப்பாத்துனா?"

டீச்சர் சென்சாரைத் தொட்டாள்.

"இதுதான். போன்ல இது கத்துன கத்துல பக்கத்து வகுப்பு மேரி ஓடி வந்து சர்க்கரைத் தண்ணி குடுத்தா."

"அப்ப ஆத்துல எறிய வேண்டியது எது?"

டீச்சர் சென்சாரிலிருந்து கையை எடுத்தாள்.

மடத்தம்மா உள்ளே போய் ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வைத்தாள்.

டீச்சர் அளவைப் பார்த்தாள். மனதுக்குள் கணக்குப் போட்டாள். பையிலிருந்து ஊசியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சற்றுப் பொறுத்துச் சாப்பிட்டாள். நெய்யும் பச்சைக் கற்பூரமும் மணத்தன. எத்தனை நாளாயிற்று இப்படிச் சாப்பிட்டு!

அரை மணி நேரம் ஆகியிருக்காது. காரில் காத்திருந்த கணவர் பரமசிவன் போனும் கையுமாக உள்ளே வந்தார்.

"ஏளா, நூத்தித் தொண்ணூறு! அம்புக்குறி மேல பாக்குது, இன்னும் ஏறுது! என்னத்தத் தின்ன?"

மடத்தம்மா இன்னொரு தொன்னைப் பொங்கலை அவர் கையில் கொடுத்தாள். பிரசாதமாயிற்றே, வேண்டாம் என்றா சொல்வார்? நாலே வாயில் தொன்னையைக் காலி பண்ணினார்.

"சட்டைக் கையைக் கொஞ்சம் சுருட்டுங்க அண்ணாச்சி."

சுருட்டினார். மடத்தம்மா ஒரு கையைப் பார்த்தாள். மறு கையையும் பார்த்தாள்.

"என்னம்மா பாக்குதீங்க?"

"ஒண்ணும் ஒட்டலையே. நாலு பேருக்குத் தெரியாமலா அண்ணாச்சி இவ்வளவையும் தின்னீங்க?"

பரமசிவன் காலித் தொன்னையோடு திருதிருவென்று விழித்தார். அவர் பிறந்ததிலிருந்து யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

காந்திமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க."

அவர் போனில், சர்க்கரை மேலே ஏறும்போது அடிக்கும் மணியை நிறுத்தினாள். தன் போனை எடுத்து மற்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராக நீக்கினாள்.

"கீழ இறங்குனா இது உங்களக் கூப்பிடும். ஓடி வாங்க. மேல ஏறுனா அது என் பாடு. வாயத் திறக்கக் கூடாது."

"ஏளா, டாக்டரு..."

"டாக்டருக்கு நான் காட்டிக்கிடுவேன்."

அவர் மடத்தம்மாவைப் பார்த்தார். மடத்தம்மா தொன்னைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. மகன்.

"அம்மா! உன் நம்பர் எனக்கு வரவே இல்லையே, என்னாச்சு?"

"நான்தான் நிறுத்துனேன்."

"அப்ப நீ எப்படி இருக்கேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வாய் இருக்குல்லா?" என்றாள் காந்திமதி. "கேளு."