கட்டைவிரலுக்கு முப்பது கேள்வி

கட்டைவிரல் அடிமூட்டு தேஞ்சு போனவங்க எல்லாரும் மெஹருன்னிசா டாக்டரம்மாவைத்தான் தேடி வருவாங்க. அவங்ககிட்ட தொழில் கத்துக்க வந்தவரு குணாளன் டாக்டர். குருவுக்கு நாப்பது வயசு, சிஷ்யருக்கு அம்பத்திரண்டு. நரைச்ச தலை 'மேடம், மேடம்'னு பின்னாலயே ஓடுறதப் பாத்து வார்டே சிரிக்கும். அவரு கண்டுக்க மாட்டாரு.

அவருக்கு ஒரு பேப்பர் மேல பக்தி. அதுல முப்பது கேள்வி. பாட்டில் மூடி திறக்க முடியுதா, சாவி திருக முடியுதா, பட்டன் போட முடியுதா. நோயாளி சொல்ற பதிலுக்கு மார்க் போட்டுக் கூட்டினா, ஆபரேஷனுக்கு அப்புறம் கை எவ்வளவு தேறும்னு முன்னாடியே தெரிஞ்சிடுமாம். கிளி ஜோசியந்தான், கிளிக்கு நெல்லு செலவில்ல.

ஒரு நாள் முத்துப்பேச்சி வந்துச்சு. புருஷன் நடத்துற மெஸ்ஸுக்கு இருபத்திரண்டு வருஷமா இடியாப்பம் பிழியிற அம்மா. எக்ஸ்ரேல எலும்பும் எலும்பும் உரசிக்கிட்டு நிக்குது. கேள்வி கேட்டா, முப்பதுக்கும் 'கஷ்டமில்லீங்க'ன்னுச்சு. கை நல்லாத்தான் இருக்கு, கத்தி வச்சு லாபமில்லன்னு மார்க் சொல்லுச்சு. குணாளன் ஆபரேஷன் லிஸ்ட்லேர்ந்து பேர அடிச்சுட்டாரு.

அடுத்த வாரம் மறுபடி வந்து நின்னுச்சு. பெஞ்சுல இருந்தவங்க யாரோ யோசனை சொல்லியிருக்காங்க. இந்தத் தடவ முப்பதுக்கும் 'முடியவே முடியாது.' போன வாரம் முடிஞ்சுதேம்மான்னு குணாளன் மடக்குனாரு. வீட்ல மூடி போட்ட பாட்டிலே கிடையாது, சாவி அவரு இடுப்புல, பட்டன் வச்ச துணியே நான் போடுறதில்ல, இல்லாததுல என்னய்யா கஷ்டம்னு கேட்டுச்சு அந்தம்மா.

கூட்டிப் பாத்தா அதுவும் உதவல. இவ்வளவு மோசமான கை ஆபரேஷன் பண்ணாலும் திருப்திப்படாதுன்னு வந்துச்சு. சிஷ்யரு ரெண்டு பேப்பரையும் தூக்கிட்டு குருகிட்ட போனாரு.

"மேடம், இதுல எது நிஜம்?"

"கை ஒண்ணுதான சார். கூப்பிடுங்க."

டாக்டரம்மா பேப்பரத் தொடல. முத்துப்பேச்சி கையப் பிடிச்சு, ஆபரேஷன் முடிஞ்சா என்ன நல்லது நடக்கணும்னு கேட்டாங்க.

அந்தம்மா வாசப்பக்கம் திரும்பிப் பாத்துச்சு. புருஷன் அங்க இல்ல.

"கட்டு எத்தன நாளைக்கும்மா இருக்கும்?"

"ஆறு வாரம்."

"அதுதாம்மா."

"எது?"

"அந்த ஆறு வாரந்தான். கட்டு போட்டா யாரும் பிழியச் சொல்ல மாட்டாங்கல்ல?"

குணாளன் பேனாவத் திறந்து வச்சுக்கிட்டு மேலயிருந்து கீழ வரைக்கும் தேடுனாரு. "மேடம், இத எந்தக் கேள்வியில எழுத?"

"எழுத வேண்டாம். இன்னிக்கே மாவுக்கட்டு போட்டு விடுங்க."

"ஆபரேஷன் பண்ணாமயா?"

"மூட்டு கொஞ்சம் ஆறட்டும். கத்தி எங்கயும் ஓடிடாது."

சிஷ்யருக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. ரெண்டு பேப்பரையும் மடிச்சாரு, திரும்பப் பிரிச்சாரு.

"சரி மேடம். கட்ட என்னிக்குப் பிரிக்கிறது?"

"அத மட்டும் அவங்களக் கேளுங்க."