நாற்பத்தெட்டாவது வரி

கோயம்புத்தூரில் பஸ் டிக்கெட் சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனி ஒன்றில் தண்டபாணி என்று ஒரு டீம் லீடர் இருந்தார். ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் தனக்குத் தெரியாததை இனிமேல்தான் யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் நினைப்பு.

ஒரு நாள் அவர் எழுதிய புரோகிராம் கம்பைல் ஆகவில்லை; அதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் ஏற்க மறுத்தது. நாற்பத்தெட்டாவது வரியில் சிவப்புக் கோடு.

"கம்பைலருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, புதிதாகச் சேர்ந்த செண்பகவல்லியைக் கூப்பிட்டார். "மத்தியானம் எம்.டி. பார்க்க வர்றார். அதுக்குள்ள ஓடணும். ஆனா நான் எழுதினதுல ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. முடியலேன்னா உன் வேலையை நிரந்தரமாக்க நான் சிபாரிசு பண்ண மாட்டேன்."

செண்பகவல்லி பார்த்தாள். சீட் பதியும் மெத்தட், அதாவது அந்த வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டு, முதலில் சீட் நம்பரையும் பிறகு பயணியின் பெயரையும் கேட்கிறது. அந்த வரியில் சார் பயணியின் பெயரை முதலில் கொடுத்திருந்தார். நம்பர் கேட்ட இடத்தில் பெயரைக் கொடுத்தால் ஜாவா வாங்குமா?

"சரிங்க சார், தொட மாட்டேன்" என்றாள். பத்தே நிமிஷத்தில் கம்பைல் ஆனது.

மத்தியானம் தண்டபாணி நெஞ்சை நிமிர்த்தி, "நான் எழுதினது எழுதினபடியே ஓடுது பாருங்க" என்றார்.

எம்.டி. திரையைப் பார்த்தார். "அதே பேர்ல இன்னொரு மெத்தட் இருக்கே, எதுக்கு?"

"நான் சேர்த்ததுங்க" என்றாள் செண்பகவல்லி. "சார் முன்னே பின்னே மாத்திக் கொடுக்கறதை வாங்கி, நேராக்கிப் பழைய மெத்தட்டுக்குக் கொடுக்கும். வேற வேலை அதுக்கு இல்லைங்க."

எம்.டி. சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார். தண்டபாணி குரலைத் தாழ்த்தி, "அதை எடுத்துடும்மா" என்றார்.

"எடுத்துடலாங்க சார். ஆனா அப்புறம் நீங்க எழுதினதைத் தொடணுமே, தொடட்டுங்களா?"