அலைமாளிகையில் கேட்ட குரல்

வெகு காலத்துக்கு முன்னாலே சோலைநாட்டை மருதகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான்; ஆனால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் நாலு தடவை மனசு மாறும். அவருடைய தலைநகரம் குடமங்கலம். பழைய ஊர். விடியும்போதே கோயில் மணி, அப்புறம் தயிர்க்காரியின் கூவல், குளத்துப் படியில் சண்டை, அது ஓய்ந்தால் கல்யாண மேளம்.

"காது புளித்துவிட்டது, சீராளரே!" என்றார் ராஜா ஒருநாள் தம் மந்திரியிடம். "கடற்கரையில் காளத்தி எனக்கொரு மாளிகை கட்டியிருக்கிறான். சந்தனத் தூண், முத்துச் சாளரம், காலடியில் அலை. இனி நான் அங்கேதான்!"

காளத்தி அரண்மனை அதிகாரி. மந்திரி பதவி சீராளருக்குப் போன நாளிலிருந்து வயிறெரிந்து கிடப்பவன். அவன் வாயெல்லாம் பல்லாக முன்னே வந்தான். "மகாராஜா கடற்காற்று வாங்கிக்கொண்டு சுகமாக இருக்கட்டும். இந்த இரைச்சல் பிடித்த ஊரை அடியேன் பார்த்துக்கொள்கிறேன்."

கோழிக்கூண்டுக்கு நரி காவலா! சீராளர் குறுக்கே வந்தார். "மகாராஜா, குடிபோகுமுன் ஒரு பகல் தங்கிப் பார்ப்போம். நானும் வருகிறேன்."

"வாரும். ஆனால் குறை ஒன்றும் அகப்படாவிட்டால் உமது முத்திரை மோதிரம் காளத்தி விரலுக்குப் போய்விடும்!"

போனார்கள். மாளிகை அழகுதான், கண்பட்டுவிடும் அழகு. ஆனால் சீராளருக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. கடற்கரையில் ஒரு காக்கை இல்லை. வலை உலரவில்லை, படகு இல்லை. வேலைக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசாமல், பூனை மாதிரி நடந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏற ஏற, அலைகூட மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது.

"யாரங்கே! தண்ணீர்!" என்றார் ராஜா. ஒருவரும் வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் ஒருவன் செம்போடு ஓடிவந்தான்.

"காளத்தீ!" என்றார் ராஜா. காளத்தி பத்தடி தள்ளித் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தான். அவன் தோள் தூக்கிப்போட்டதைச் சீராளர் பார்த்தார். உதடு மட்டும் அசையவில்லை. அவனும் மூன்றாம் குரலுக்குத்தான் "அடியேன், அடியேன்!" என்று குனிந்துகொண்டு வந்தான். குடமங்கலத்தில் ராஜா 'கா' என்று வாய் திறக்குமுன்பே வந்து நிற்கிறவன்!

சீராளருக்குப் புரிந்துபோயிற்று. முதல் இரண்டு குரலுக்கு இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் வெறும் வாயால் சொன்னால் ராஜா சிரிப்பார். அதனால் கைகூப்பிச் சொன்னார்: "மகாராஜா, ஒரு பந்தயம். காளத்தி முதுகைத் திருப்பிக் கடலைப் பார்த்து நிற்கட்டும். தாங்கள் ஒரே ஒரு தரம் கூப்பிடுங்கள். முதல் குரலுக்கே பதில் சொன்னால் மோதிரம் அவருடையது."

"இவ்வளவுதானா!" என்று சிரித்தார் ராஜா. காளத்தி சிரிக்கவில்லை. ஆனாலும் மோதிர ஆசை விடவில்லை. முற்றத்து ஓரம் போய்க் கடலைப் பார்த்து நின்றான்.

"காளத்தீ…"

ராஜாவின் குரல்தான். அதே அதட்டல், அதே இழுப்பு. ஆனால் தண்ணீரில் ஊறிய குரல். காளத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"இப்போதே தோற்றுவிட்டாரா?" என்று திரும்பிய சீராளர் ராஜாவின் முகத்தைப் பார்த்தார். அது வெளுத்திருந்தது.

"சீராளரே," என்றார் ராஜா மெதுவாக, "நான் இன்னும் கூப்பிடவே இல்லை."

சற்றுப் பொறுத்து ராஜா தாமே கூப்பிட்டார். காளத்தி அதற்கும் பதில் சொல்லவில்லை. அப்படியே மணலில் சரிந்து அழுதான்.

"தெரியும் மகாராஜா, தெரியும்! இங்கே முன்பொரு பட்டினம் இருந்ததாம், கடல் கொண்டுபோய்விட்டதாம். உச்சிவேளையில் ஆளைக் கூப்பிடும், தெரிந்தவர் குரலில். ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம். மூன்றாவது கூப்பிடாது. 'என்ன' என்று கேட்ட, இந்த மாளிகை கட்ட வந்த கல்தச்சர்கள் நடந்தே கடலுக்குள் போய்விட்டார்கள். ஊரை ஆளும் ஆசையில் மறைத்துவிட்டேன்."

"என்னைப் பலிகொடுக்கப் பார்த்தாயா? இவனை இங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்!" என்று கத்தினார் ராஜா.

"வேண்டாம் மகாராஜா," என்றார் சீராளர். "கடலுக்கு நாமே ஆள் அனுப்பக் கூடாது. கூப்பிட்டால் பதில் சொல்லும் பழக்கம்தான் இவருக்கு விட்டுப்போயிருக்கிறது. வழக்கு மண்டபத்து வாசலில் நிற்கட்டும். எந்த ஏழை வந்து கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே 'அடியேன்' என்று ஓடி வரட்டும்."

ராஜாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

"காளத்தியின் வீடு பெரியது. அந்தக் கல்தச்சர்களின் பெண்டுபிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்."

கொடுத்தார் ராஜா. மாளிகையின் கதவை அடைத்தார்கள், பல்லக்கு கிளம்பிற்று. சீராளர் எல்லோருக்கும் கடைசியாக நடந்தார். மணல்மேட்டில் ஏறும்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"இங்கே பாருங்க… சாப்பிட வரலையா? சோறு ஆறுது."

செத்துப்போன அவர் மனைவியின் குரல். குடமங்கலத்துச் சுடுகாட்டில் அவரே கொள்ளி வைத்தவள். சீராளரின் கால் நின்றுவிட்டது. நாக்கு நுனிவரை 'இதோ வந்தேன்' வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னொரு தரம் கூப்பிடுவாளா என்று காத்திருந்தார்; கூப்பிட்டாள். மூன்றாம் தரத்துக்காக நின்றார், நின்றார். அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவர் கண்ணீரோடு வருவதை ராஜா பல்லக்குத் திரையை விலக்கிப் பார்த்தார். பல்லக்கை இறக்கச் சொன்னார். முற்றத்தைத் தாண்டிக் கால்நடையாகப் போயறியாத மனிதர், மந்திரியின் தோளில் கை போட்டுக்கொண்டு, சுடுமணலில் குடமங்கலம்வரை நடந்தே வந்தார்.